மன்னன் மினோஸைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கத் தொன்மங்களைத் தமிழில் எழுதப் புதிதாக முன்வருவோரின் கட்டுரைகளை அச்சுக்கு முன் சரிபார்க்கும் வேலை என்னிடம் அவ்வப்போது வருகிறது. அவற்றுள் கிரீட் தீவின் மன்னன் மினோஸைப் பற்றியவை கணிசமானவை. என் தலைமுறையினர் எழுதத் தொடங்கிய காலத்தில் செய்த அதே பிழைகள் கொஞ்சமும் மாறாமல் அவற்றில் திரும்பி வருவதைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். பெயர்களின் எழுத்துக்கூட்டல், தாத்தா பேரன் உறவு மாறிப்போவது போன்றவற்றைக் கவனமுள்ள எவரும் தாமே திருத்திக்கொள்ள முடியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

காளைகளைக் கலந்துவிடுவது

மினோஸின் கதையில் காளை ஒன்றல்ல. இளவரசி யூரோப்பாவை முதுகில் சுமந்து கிரீட்டுக்குக் கடல் கடந்தது காளை வடிவெடுத்த தேவர்தலைவன் சியூஸ் என்பது பரவலான வடிவம். அந்த உறவில் பிறந்தவனே மினோஸ். அரியணைக்குத் தனக்கே உரிமை உண்டென்று காட்ட மினோஸ் வேண்டியபோது கடலிலிருந்து எழுந்தது கடல் தெய்வம் பொசைடன் அனுப்பிய காளை. அதைப் பலியிடுவதாக வாக்களித்தவன், அதன் அழகில் மயங்கித் தன் மந்தையில் சேர்த்துக்கொண்டு வேறொன்றைப் பலியிட்டான். அதனால் சினந்த பொசைடன், மினோஸின் மனைவி பாசிபே அக்காளையின் மீதே மோகம் கொள்ளும்படி செய்தான். வீரன் ஹெராக்ளீஸ் பிடித்துச் சென்ற கிரீட் காளை இவற்றுள் எது என்பதில் பண்டைய ஆசிரியர்களே ஒன்றுபடவில்லை. யூரோப்பாவைச் சுமந்த காளைதான் அது என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் அக்கூசிலாவோஸ் கருதியதையும், பொசைடன் அனுப்பியதே அது என்று வேறு சிலர் சொன்னதையும் அப்போலோடோரஸ் பெயரில் வழங்கும் தொன்மத் தொகுப்பு பதிவுசெய்கிறது. ஆகவே ஒரு முடிவை எடுக்கும்போது, அது யாருடைய முடிவு என்று ஒரு சொல்லாவது சேர்த்துவிடுங்கள்.

மினோட்டாரின் தந்தை

பாசிபே பெற்ற, காளைத் தலையும் மனித உடலும் கொண்ட மினோட்டாருக்குத் தந்தை மினோஸ் அல்லன், அந்தக் கடற்காளை.

தொன்ம மன்னனை அகழாய்வு மன்னனாக்குவது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் பிழை. சிறுவர்களுக்கான ஒரு தொகுப்பு நூலில் இளம் எழுத்தாளர் ஒருவர், கிமு 1700 அளவில் மினோஸ் கிரீட்டை ஆண்டதாக எழுதி, கிரீட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட க்னோசோஸ் அரண்மனையின் கல் இருக்கைப் படத்தின் கீழ் ‘மன்னர் மினோஸ் அமர்ந்த அரியணை’ என்று குறிப்பும் கொடுத்திருந்தார். பிரதி என்னிடம் வந்தபோது அந்தப் படிவம் அச்சாகிவிட்டிருந்தது. அதைக் கழித்துவிட்டு மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. செலவில் ஒரு பகுதி அந்த எழுத்தாளரின் ஊதியத்திலிருந்தே கழிந்தது. அவ்வளவு நடந்த பிறகும், அதே பதிப்பகத்தின் அடுத்த நூலில் வேறொருவர் அதே படத்தை அதே குறிப்போடு கொண்டுவந்தார்.

பிழை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததே. கிரீட்டின் இராக்ளியோன் நகருக்குத் தெற்கே, க்னோசோஸ் அரண்மனை புதைந்திருந்த கெஃபாலா மேட்டில் 1878இல் மினோஸ் கலோகைரினோஸ் என்ற கிரீட் நாட்டவர் தோண்டிப் பெரிய தாழிகள் நிறைந்த சேமிப்பறைகளை வெளிப்படுத்தினார். 1900இல் அங்கே விரிவான அகழாய்வைத் தொடங்கிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ், முதல் பருவத்திலேயே அந்தக் கல் இருக்கையைக் கண்டார். 1921 முதல் 1935 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த தம் நூலுக்கு அவர் ‘மினோஸின் அரண்மனை’ என்றே தலைப்பிட்டார்; கிரீட்டின் வெண்கலக் காலப் பண்பாட்டுக்கு மினோவப் பண்பாடு என்ற பெயர் நிலைபெற்றதும் பெரும்பாலும் அவரால்தான். இந்தப் பெயர் நம் காலத்து ஆய்வாளர்கள் வசதிக்காக இட்டது. அந்த மக்கள் தங்களை என்னவென்று அழைத்துக்கொண்டார்கள் என்பதற்கு லீனியர் ஏ என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட அவர்களுடைய எழுத்துமுறையிலிருந்து விடை கிடைக்கவில்லை. அது இன்னும் படிக்கப்படவில்லை. பிற்கால லீனியர் பி எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்து, அதில் எழுதப்பட்டிருப்பது கிரேக்க மொழியின் தொன்மையான வடிவம் என்று காட்டினார். அவ்வெழுத்தில் அமைந்த க்னோசோஸ் களிமண் பலகைகள் ஆடு, கம்பளி, எண்ணெய் ஆகியவற்றின் கணக்குகளைத் தருகின்றனவேயன்றி, மினோஸ் என்றொரு மன்னனைத் தரவில்லை. பார்வையாளர்கள் படமெடுக்கும் சிவப்புத் தூண்களில் பலவும் எவன்ஸ் காலத்துக் கான்கிரீட்டால் மறுபடி எழுப்பப்பட்டவை என்பதையும் படக்குறிப்பு எழுதுவோர் மறக்கக் கூடாது.

இதில் என்னை வியக்கவைப்பது, பண்டைய கிரேக்கர்கள் நம்மைவிட எச்சரிக்கையாக இருந்தார்கள் என்பதே. கடலாதிக்கத்தைத் திட்டமிட்ட முதல் கிரேக்கர் சாமோஸ் தீவை ஆண்ட பொலிக்ரட்டீஸ் என்று எழுதும் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், க்னோசோஸின் மினோஸையும் அவனுக்கு முற்பட்டவர்களையும் விலக்கிவிட்டு, மனிதத் தலைமுறை எனப்படும் காலத்தைப் பற்றியே தாம் பேசுவதாகத் தெளிவாகச் சொல்கிறார். கப்பற்படை அமைத்தவர்களில் மினோஸே முதல்வன் என்று கூறும் இன்னொரு வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ்கூட, கேள்வி வழியாக அறியப்பட்டவர்களுள் முதல்வன் என்று வரம்பு கட்டுகிறார். கிமு 5ஆம் நூற்றாண்டில் அவர்கள் வைத்த அந்த வரம்பை ஒரு புகைப்படத்தை நம்பி நாம் அழிக்கலாகாது. வெண்கலக் காலக் கிரீட்டின் செல்வாக்கு ஏஜியன் தீவுகள் வரை பரவியதற்குத் தீரா தீவின் அக்ரோத்திரி போன்ற இடங்களில் சான்று உண்டு. அதன் மங்கிய நினைவு மினோஸ் கதைகளில் தங்கியிருக்கலாம் என்று எழுதுவதில் தவறில்லை. அதை ஊகம் என்று சொல்லி எழுத வேண்டும்.

ஏதென்ஸின் குரலை மட்டும் கேட்பது

பெரும்பாலான கட்டுரைகளில் மினோஸ் கொடுங்கோலன் மட்டுமே. தன் மகன் ஆண்ட்ரோகியோஸ் ஏதென்ஸைச் சூழ்ந்த ஆட்டிகாவில் இறந்ததற்குப் பழியாக, மினோட்டாருக்கு இரையாக்க ஏழு இளைஞர்களையும் ஏழு கன்னியரையும் திறையாகக் கேட்டவன் என்ற கதை ஏதென்ஸ் நகரத்தார் சொன்னது. ஹோமரின் இலியட்டில் கிரீட் படைத்தலைவன் ஐடோமெனியூஸ், சியூஸின் மகன் மினோஸ் என்று பாட்டனைச் சொல்லிப் பெருமை கொள்கிறான். ஒடிசியில் மினோஸ் பொற்செங்கோல் ஏந்தி, இறந்தோருக்கு நீதி வழங்குபவனாகக் காட்சி தருகிறான். அதே காவியம் மினோஸின் மகள் அரியாட்னேயைக் குறிப்பிடுமிடத்தில் அவனுக்குக் கொடுமனத்தான் என்ற அடைமொழியையும் தருகிறது. பிளேட்டோவின் ‘சட்டங்கள்’ உரையாடலில் அவன், தந்தை சியூஸிடம் சென்று கேட்டறிந்து கிரீட்டுக்குச் சட்டம் வகுத்தவன். இந்த முரண்பாட்டை உணர்ந்த பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க், பேச்சும் கவிதையும் உடைய ஒரு நகரத்தின் பகையைத் தேடிக்கொள்வது எவ்வளவு கொடியது என்பதற்கு, ஆட்டிக அரங்குகளில் மினோஸ் ஓயாமல் வசைபாடப்பட்டதையே காட்டுகிறார். வரலாற்றாசிரியர் டியோடோரஸோ பாட்டன் ஒருவன், பேரன் ஒருவன் என்று இரண்டு மினோஸ்களைக் கூறிச் சிக்கலைத் தீர்க்க முயல்கிறார். எனக்கு அந்தத் தீர்வு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆயினும் அதைச் சொல்லாமல் நல்லவனையும் தீயவனையும் ஒரே பத்தியில் ஒட்டவைப்பதைவிட அது நேர்மையானது.

புதிர்மாளிகைப் படம்

மினோட்டாரை அடைத்துவைத்த புதிர்மாளிகையாகப் பண்டைய க்னோசோஸ் நாணயங்களில் காணப்படுவது பெரும்பாலும் கிளையற்ற ஒற்றை வளைபாதை. முட்டுச்சந்துகள் நிறைந்த படத்தைப் பண்டைய வடிவம் என்று போடாதீர்கள்.

தீசியஸ் கப்பலேறியதும் கதையை முடிப்பது

மினோட்டாரைக் கொன்ற ஏதென்ஸ் வீரன் தீசியஸ் கிரீட்டை விட்டுச் சென்ற பிறகும் மினோஸுக்கு ஒரு கதை உண்டு. புதிர்மாளிகையைக் கட்டிய, பின்னர் தப்பியோடிய கைவினைஞன் டீடலஸைத் தேடி ஊர் ஊராகச் சென்ற மினோஸ், சுருண்ட சங்கு ஒன்றில் நூல் கோப்பவருக்குப் பெரும் பரிசு என்று அறிவித்தான். சிசிலியின் காமிகோஸ் நகர மன்னன் கோகலோஸ் அதைத் தன்னிடம் மறைந்திருந்த டீடலஸிடம் கொடுக்க, அவன் சங்கில் துளையிட்டு, எறும்பின் உடலில் நூலைக் கட்டி உள்ளே விட்டான். நூல் கோத்த சங்கைக் கண்டதுமே டீடலஸ் அங்கிருப்பதை மினோஸ் அறிந்துகொண்டான். ஆனால் அந்த அரண்மனைக் குளியலறையில் வெந்நீரால் மாண்டான். டியோடோரஸ் இன்னும் ஒன்று சேர்க்கிறார்: சிசிலியில் மினோஸுக்குக் கல்லறை இருந்ததாகவும், அத்தீவின் அக்ரகாஸ் நகரைத் தெரோன் ஆண்டபோது அதிலிருந்த எலும்புகள் கிரீட்டாரிடம் ஒப்படைக்கப்பட்டதாகவும் எழுதுகிறார். தெரோன் கிமு 5ஆம் நூற்றாண்டின் உண்மையான ஆட்சியாளர். டியோடோரஸ் அவருக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பிற்பட்டவர். இந்தச் செய்தியை மட்டும் சான்றாக வைத்து, மினோஸ் வரலாற்று மன்னன் என்று முடிவுகட்டிய கட்டுரை ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. அந்த எலும்புகள் யாருடையவை என்று தெரோனின் காலத்தவருக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வியை ஓரத்தில் எழுதி, எழுதியவருக்கே அதைத் திருப்பி அனுப்பப் போகிறேன்.