என்டி-ப்ரோபிஎன்பி ரிப்போர்ட்: முதலில் பெயரைப் பாருங்கள், அப்புறம் எண்ணை

இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை அஞ்சு ரோடு பக்கம் ஒரு லேபில் எடுத்தபோது எனக்கு 60 வந்தது, ஆறு மாதம் கழித்து வேறொரு லேபில் 410. ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாள் டாக்டர் இரண்டு தாளையும் சேர்த்துவைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: முதலாவது பிஎன்பி, இரண்டாவது என்டி-ப்ரோபிஎன்பி, இரண்டும் வேறு வேறு பரிசோதனை.

சின்ன வயதில் ஃபாலோ டெட்ராலஜி என்ற பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் ஆன ஆள் நான். இதயச் சுவர் அழுத்தத்தில் இழுபடும்போது அதன் தசை ஒரு புரதத்தை உண்டாக்குகிறது, அது இரண்டாக உடைகிறது. ஒரு துண்டு பிஎன்பி, ரத்தத்தில் சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். மற்றது என்டி-ப்ரோபிஎன்பி, அதைவிட நெடுநேரம் தங்கும், அதனால் எண்ணும் பெரிதாக இருக்கும். ஆகவே ஒரே லேப், ஒரே பரிசோதனை என்று பிடித்துக்கொள்ளுங்கள். அலகையும் பாருங்கள், பிகோகிராமா பிகோமோலா என்று. என்டி-ப்ரோபிஎன்பியில் லிட்டருக்கு 1 பிகோமோல் என்பது மில்லிலிட்டருக்கு சுமார் 8.5 பிகோகிராம்.

வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. ஆனால் முந்தின நாள் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவையும் சைக்கிளில் மிதித்துவிட்டு மறுநாள் காலை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்காதீர்கள், கடும் உழைப்பு எண்ணைத் தற்காலிகமாக ஏற்றிவிடும் (நம்மில் யார் மிதிக்கலாம் என்பதே டாக்டரிடம் கேட்க வேண்டிய சமாச்சாரம்). முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேபில் சொல்லிவிடுங்கள், சில கருவிகளில் அது முடிவைக் குழப்பும். இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் சகுபிட்ரில்-வல்சார்டன் மாத்திரை பிஎன்பியை ஏற்றிக் காட்டும், அதனால் அது சாப்பிடுகிறவர்களுக்கு என்டி-ப்ரோபிஎன்பிதான் சரி.

இப்போது எண். என்டி-ப்ரோபிஎன்பி மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு குறைவு என்பது பொதுக் கணக்கு. பிறவி இதயக் கோளாறில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உடம்புக்கு ரத்தம் அனுப்பும் வேலையை வலது கீழறையே செய்துகொண்டிருக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும்போதே எண் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம், ஒரே கீழறையை வைத்து ஓட்டும் இதயத்துக்குச் செய்யும் ஃபான்டன் ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சிக்கல் இருந்தும் எண் குறைவாகவே வரலாம். சிறுநீரகம் மந்தமானாலும், வயது கூடினாலும், இதயத் துடிப்பு தாறுமாறானாலும் ஏறும், உடல் பருமன் இருந்தால் இறங்கும். அதனால் நன்றாக இருக்கும் நாளில் ஒரு முறை எடுத்து, அதையே உங்கள் அடிப்படை எண்ணாக நோட்டில் எழுதுங்கள், பக்கத்திலேயே தேதி, எடை, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் எண்), சாப்பிட்ட மாத்திரை. அடுத்த முறை டாக்டர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். கொஞ்சம் ஏறி இறங்குவது சகஜம். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போனால்தான் எக்கோவை (இதய ஸ்கேன்) சீக்கிரம் எடுக்கச் சொல்வார்.

ட்ரோபோனின், ஜிடிஎஃப்-15 போன்ற வேறு ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சேர்த்துப் பேக்கேஜ் என்று யாராவது நீட்டினால் டாக்டர் எழுதாமல் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, போன மாதம் ஒரே மூச்சில் ஏறிய மாடிப்படியில் இந்த மாதம் பாதியில் நிற்கிறீர்கள், கால் வீங்குகிறது, படபடப்பு வருகிறது என்றால் போன ரிப்போர்ட் நன்றாக இருந்ததே என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். மயக்கம் போட்டு விழுந்தால் நேராக அவசரப் பிரிவுக்குத்தான், நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு.