டோனர் டிரான்ஸ்ஃபர்ல பிசிபி பண்றவங்களுக்கு: எந்த பேப்பர் எடுக்கறது?

லேசர் பிரிண்டர்ல சர்க்யூட்ட பேப்பர்ல அச்சடிச்சு, அயன் பாக்ஸால தேச்சு காப்பர் போர்டுக்கு மாத்தறதுதான் டோனர் டிரான்ஸ்ஃபர்; டோனர் மூடின இடத்துல காப்பர் நிக்கும், மிச்சத்த அரிச்சு எடுத்துடுவோம். வீட்லயே இப்படி பிசிபி (சர்க்யூட் போர்டு) பண்ண ஆரம்பிச்சவங்க நிறைய பேர் அயன் பாக்ஸ் சூடு பத்தலையோன்னுதான் மண்டைய உடைச்சிக்கறாங்க, ஆனா பாதி நேரம் தப்பு பேப்பர்லதான் இருக்கும். லேசர் பிரிண்டர் டோனர்ங்கறது பிளாஸ்டிக் பவுடர், சூடு பட்டா உருகி காப்பர்ல ஒட்டும், அப்ப பேப்பர் அதை விட்டுக்கொடுக்கணும், அதுதான் அதோட வேலையே. சாதா ஏ4 ஷீட்ல டோனர் நாருக்குள்ள இறங்கிப் பிடிச்சிக்கும், உரிக்கறப்ப டிராக்கும் (கரண்ட் போற கோடு) சேர்ந்து வந்துடும்.

நமக்கு வேண்டியது ஆர்ட் பேப்பர், அதாவது மேல களிமண் பூச்சு இருக்கற பளபள பேப்பர். டோனர் அந்த பூச்சு மேலயே உக்காந்திருக்கும், தண்ணில ஊறினா பூச்சு கரைஞ்சு பேப்பர் கழண்டுடும். காசு குடுத்து வாங்கணும்னு கூட இல்ல, பேப்பர்காரர் போடற நியூஸ்பேப்பர் நடுவுல வர்ற நகைக்கடை நோட்டீஸ், பளபள மேகசினோட உள்பக்கம் இதெல்லாமே போதும், ஏற்கனவே அச்சடிச்ச படம் இருந்தாலும் பரவால்ல. விரல் நுனிய ஈரம் பண்ணி ஓரத்துல நல்லா தேச்சுப் பாருங்க, வெள்ளையா வழவழன்னு மாவு மாதிரி விரல்ல வந்தா அந்த பேப்பர எடுத்து வைங்க. கடைல வாங்கறதா இருந்தா 90 இல்ல 100 ஜிஎஸ்எம் (பேப்பரோட எடை அளவு) கேளுங்க. காலண்டர் ஷீட்டும் பளபளன்னுதான் இருக்கும், ஆனா தடிமன், சூடு உள்ள இறங்கவும் நேரமாகும் ஊறவும் நேரமாகும்.

இங்க்ஜெட் போட்டோ பேப்பர்ல மட்டும் கவனம். சிலதுல பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அது பிரிண்டர் உள்ள இருக்கற சூட்டு ரோலர்ல உருகி ஒட்டிச்சுன்னா மெஷினுக்கே செலவு வெச்சிடும். ஜெராக்ஸ் கடைல குடுக்கறப்ப இது என்ன பேப்பர்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டு குடுங்க, அவர் பொழப்பே அந்த மெஷின்தான். ஸ்டிக்கர் பின்னாடி வர்ற மெழுகு மாதிரி ஷீட்ல டோனர் சுலபமா கழண்டு வரும்தான், ஆனா கை பட்டாலே அழியும், சின்ன டிராக்குக்கு எனக்கு அது ஒத்து வரல.

பிரிண்ட் எடுக்கறப்ப டோனர் சேவ் ஆஃப், கருப்பு முழு அடர்த்தி, காப்பர் போர்டோட அடிப்பக்கம் இருந்து, அதை டாப்ல இருந்து பாக்கற மாதிரி போட்ட லேஅவுட்னா மிரர் வேணாம், பேப்பர கவுத்துப் போட்டு தேய்க்கறப்ப தானாவே திரும்பிடும். காப்பர ஸ்டீல் ஸ்கிரப்பர்ல பளிச்சுன்னு தேச்சு ஐபிஏ (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) போட்டு துடைச்சிடுங்க, அப்புறம் விரல் படக்கூடாது. அயன் பாக்ஸ் காட்டன்ல, ஸ்டீம் இல்லாம, மூணு நாலு நிமிஷம் அழுத்தி தேய்ங்க, ஓரத்த மறக்காதீங்க.

அப்புறம் ஒரு பத்து நிமிஷம் தண்ணில போட்டு வைங்க, இழுத்து உரிக்காதீங்க, பேப்பர் கூழாகி கட்டைவிரல்ல உருட்டினாலே வரும். டிராக் மேல நார் ஒட்டிருந்தா விட்டுடலாம், ரெண்டு டிராக் நடுவுலயும் பேட் (பார்ட்ஸ் கால சால்டர் பண்ற வட்டம்) ஓட்டைலயும் வெள்ளை தெரிஞ்சா பழைய டூத் பிரஷ்ல எடுத்தே ஆகணும், இல்லன்னா வேண்டாத காப்பர அரிக்கப் போடற பெர்ரிக் குளோரைடு கரைசல் அங்க காப்பர அரிக்காது.