மைனஸ் பவர் கண்ணில் ரெட்டினா ஆபரேஷன்: பார்வை எவ்வளவு திரும்பும் என்று ரிப்போர்ட்டில் பார்ப்பது எப்படி?

கண்ணுக்குள் திடீரென்று மின்னல் வெட்டுகிறதா, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதக்கின்றனவா, ஓரத்திலிருந்து திரை போல நிழல் இறங்குகிறதா? படிப்பதை நிறுத்திவிட்டு இன்றே கண் மருத்துவரிடம் போங்கள். மற்றவர்கள் ரிப்போர்ட்டையும் ஓசிடி ஸ்கேன் படத்தையும் (விழித்திரையின், அதாவது ரெட்டினாவின், அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டுவது) கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கண்ணின் நீளம்

மைனஸ் 6-க்கு மேல் போனால் கடும் கிட்டப்பார்வை. ஆனால் பவரைவிட நீளத்தைத்தான் நான் நம்புவேன். சாதாரணக் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 24 மில்லிமீட்டர். 26-ஐத் தாண்டினால் நீண்ட கண். கண் நீள நீள விழித்திரை இழுபட்டு மெலிகிறது, தொல்லைகள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

படி 2: கோளாறு எது?

ஓரத்தில் கிழிசல் மட்டும் என்றால் பெரும்பாலும் லேசரோடு முடியும். விழித்திரை கழன்றிருந்தால் வெளியிலிருந்து கண்சுவரை அழுத்தும் பக்கிள் பட்டை வைப்பார்கள், அல்லது உள்ளே விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுக்கும் ஆபரேஷன்) செய்வார்கள். மாகுலாவில் (கூர்மையான பார்வை தரும் விழித்திரையின் நடுப்பகுதி) ஓட்டை விழுந்தாலும், மாகுலாவின் அடுக்குகள் பிரிந்து பார்வை குறைந்துகொண்டே போனாலும் விட்ரெக்டமிதான். இந்த அடுக்குப் பிரிவை 1999-ல் டகானோ, கிஷி என்ற ஜப்பானிய மருத்துவர்கள் ஓசிடியில் காட்டினார்கள். அதனால் ஓசிடி படம் இல்லாமல் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம். புது ரத்தக்குழாய் முளைத்திருந்தால் ஊசி மருந்து. அது வேறு கதை.

படி 3: 'சக்ஸஸ்' என்றால் எது?

எனக்கு விட்ரெக்டமி ஆனபோது நெடுநாள் குழப்பிய இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மருத்துவர் "சக்ஸஸ்" என்றால், கழன்றது ஒட்டிவிட்டது, ஓட்டை மூடிவிட்டது என்று பொருள். எழுத்து எவ்வளவு தெரியும் என்பது தனிக் கேள்வி. முதலாவது நடந்தும் இரண்டாவது நடக்காமல் போகலாம்.

ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கழன்ற கண் என்றால், ஆபரேஷனுக்கு முன் மாகுலா ஒட்டியிருந்ததா என்று கேளுங்கள். ஒட்டியிருந்தால் நல்ல பார்வை தங்கும் வாய்ப்பு அதிகம். அதுவும் கழன்றிருந்தால், கழன்று எத்தனை நாள் ஆயிற்று என்பது முக்கியம். அடுத்து, மாகுலாவில் திசு ஏற்கெனவே தேய்ந்திருக்கிறதா? தேய்ந்த திசுவை எந்த ஆபரேஷனும் மீட்காது. மாகுலா ஓட்டையும் நீண்ட கண்ணில் மூடுவது கடினம். போலந்தின் மிகலெவ்ஸ்கா குழு 2010-ல் வெளியிட்ட முறையில், விழித்திரையின் மேலிருந்து உரித்த மெல்லிய சவ்வை முழுதும் எடுத்துவிடாமல் ஓட்டையின் மேலேயே மடித்து விடுகிறார்கள். உங்களுக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம்.

ரிப்போர்ட்டில் லாக்மார் (பார்வைக் கூர்மையின் அளவு) என்று எண் இருந்தால் தலைகீழாகப் படிக்க வேண்டும்: 0 என்றால் 6/6 (இயல்பான பார்வை), 0.3 என்றால் 6/12, 1.0 என்றால் 6/60. எண் குறைந்தால்தான் முன்னேற்றம். 1.0 இருந்தது 0.7 ஆனால் அட்டையில் மூன்று வரி கூடுதலாகத் தெரிகிறது.

படி 4: ஆபரேஷனுக்கு அப்புறம்

விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு அடைத்திருந்தால் அது கரையும்வரை ஒன்றும் சரியாகத் தெரியாது, பயப்பட வேண்டாம். எஸ்எஃப்6 என்ற வாயு சுமார் இரண்டு வாரத்தில் போகும், சி3எஃப்8 இரண்டு மாதம்வரை இருக்கும். அதுவரை விமானம் ஏறக்கூடாது: உயரத்தில் வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறும். குப்புறப் படுக்கச் சொன்னால் சொன்னபடி படுங்கள். வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைத்திருந்தால் பெரும்பாலும் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் உண்டு. கண்புரையும் சீக்கிரம் வளரலாம்; பார்வை மறுபடி மங்கினால் ரெட்டினாதான் போயிற்று என்று நீங்களே முடிவுகட்டாமல் போய்க் காட்டுங்கள்.

வீட்டில் சோதிக்க, செல்போன் ஆப்பைவிட அச்சிட்ட ஆம்ஸ்லர் கட்டத்தாளே எனக்குப் பிடிக்கும். படிக்கும் கண்ணாடியோடு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் நடுப்புள்ளியைப் பாருங்கள். கோடு வளைந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: "லேசிக் செய்தாயிற்று, இனி ஆபத்து இல்லைதானே?" என்று கமெண்டில் பலர் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. லேசிக் கருவிழியின் வளைவைத்தான் மாற்றுகிறது. கண்ணின் நீளம் அப்படியே இருக்கும். கண்ணாடி இல்லாவிட்டாலும் கண்பாப்பாவைச் சொட்டுமருந்தால் விரித்துச் செய்யும் விழித்திரைப் பரிசோதனையை விடாதீர்கள், ஆபரேஷன் ஆகாத மறு கண்ணையும் சேர்த்து.