பிராக்கில் முதல் நாள்: டிராமில் மேலே ஏறி, நடந்தே கீழே இறங்குங்கள்

செக் நாட்டுத் தலைநகர் பிராக்குக்கு விசா, விமானம், அறை எல்லாம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பணம். செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ இல்லை, கொருனாதான். ரொக்கம் வேண்டுமானால் வங்கி ஏடிஎம். உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழிக்கட்டுமா என்று திரை கேட்கும், வேண்டாம் என்று அழுத்துங்கள். 'கமிஷன் இல்லை' போர்டு வைத்த மாற்றுக் கடைகள் ரேட்டில் பிடித்துவிடும்.

அடுத்தது டிக்கெட். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மெட்ரோவில் தடுப்புக் கதவே கிடையாது, அதனால் தாள் டிக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேரே இறங்கிவிடத் தோன்றும். படிக்கட்டுக்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் சின்னப் பெட்டி இருக்கும், அதில் செருகி நேரம் பதிந்தால்தான் அது டிக்கெட். பதியாவிட்டால் பரிசோதகர் அபராதம் போடுவார். பதிவது ஒரே முறைதான். 24 மணி நேர டிக்கெட் நள்ளிரவில் முடிவதில்லை, பதிந்த நிமிடத்திலிருந்து கணக்கு. ஒரு நாள் சுற்ற நான் அதைத்தான் சொல்வேன். வரைபடத்துக்கு செக்காரர்களே செய்த மாப்பி செயலி போதும், இணையம் இல்லாமலும் சந்து சந்தாகக் காட்டும்.

சரி, கிளம்பலாம். 22ஆம் எண் டிராமில் ஏறி 'பிராஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்தில் இறங்குங்கள், கோட்டை பக்கத்திலேயே. கீழே சார்லஸ் பாலத்திலிருந்து ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்க வந்து சேர்வார்கள். உள்ளே புனித வீட்டஸ் தேவாலயம்: 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்தார்கள்.

அப்புறம் நெருடோவா தெரு வழியாக இறக்கம். வாசல்களுக்கு மேலே பாருங்கள், ஒன்றில் மூன்று வயலின், ஒன்றில் இரண்டு சூரியன். கதவிலக்கம் வருவதற்கு முன் இவைதான் முகவரி. தெரு முடிந்து கொஞ்சம் நடந்தால் சார்லஸ் பாலம், 1357இல் தொடங்கியது, 30 சிலைகள். பகலில் நெரிசல் தாங்காது. படம் எடுக்க ஆசையென்றால் இன்னொரு நாள் விடியற்காலையில் வாருங்கள்.

பாலம் தாண்டினால் பழைய நகரச் சதுக்கம், 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம். மணிக்கு ஒருமுறை பொம்மைகள் வரும், அதற்குத்தான் கூட்டம். எனக்குப் பிடித்தது வெளி வளையம்: சூரிய அஸ்தமனத்திலிருந்து மணி எண்ணும் பழைய போஹேமிய (செக் நாட்டின் மேற்குப் பகுதி) கணக்கு.

பின்சேர்க்கை: யூத வட்டாரமான யோசெஃபொவ் பற்றிப் பலர் கேட்டதால் சொல்கிறேன், அங்குள்ள அருங்காட்சியகமும் பழைய கல்லறையும் சனிக்கிழமை திறக்காது.