கார் நிறுத்துமிடத்திலிருந்து கன்னிக் கொத்து

மே மாதம், இரவு 10 மணி, மேகம் விலகிய நாள். சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் புளோக் பக்கத்துப் பலமாடி கார் நிறுத்துமிடத்தின் உச்சி மாடிதான் வானம் பார்க்க என் இடம். விளக்குக் கம்பத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

வடகிழக்கே ஆரஞ்சு நிறத்தில் சுவாதி விண்மீன். உச்சியில் மங்கலாக உத்திரம் விண்மீன். கையை நீட்டி, உத்திரத்திலிருந்து சுவாதியை நோக்கி மூடிய கைமுட்டி ஒன்றின் அகலம் அளந்துகொள்ளுங்கள். அங்கேதான் கன்னிக் கொத்து: சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தூரத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் திரள்கள்.

“ஒண்ணுமே தெரியலையேப்பா” என்றாள் மகள். தெரியாதும்மா, வெறுங்கண்ணுக்கு எட்டாது, திசைதான் கணக்கு.

கன்னிக் கொத்தும் நம் பால்வீதியும் 2014இல் லானியாக்கியா என்று பெயரிட்ட பெருங்கொத்துக்குள் (பல கொத்துகள் சேர்ந்தது) அடக்கம். அகலம் 52 கோடி ஒளியாண்டு. வடிவம் புரிய இடியாப்பத்தைப் பிட்டுப் பாருங்கள்: இழைகளில் திரள்கள், இடையில் வெற்றிடம்.