ஒரே பத்தியில் ஒன்பது ‘தேக்கா தையல்கடை’

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கை தைக்கும் அக்கா ஒருவர் தம் கடையின் இணையப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். “தேக்கா தையல்கடை தேடுகிறீர்களா? எங்கள் தேக்கா தையல்கடையே சிறந்த தேக்கா தையல்கடை...” என்று போனது முதல் பத்தி. எண்ணினேன், ஒன்பது முறை.

“எத்தனை முறை போட்டால் கூகல் தேடலில் மேலே வரும் தம்பி?” என்றார். அப்படி ஒரு கணக்கே கிடையாது. ஒரே சொல்லைத் திணிப்பதைக் கூகல் ஸ்பேம், அதாவது ஏமாற்று வேலை என்றே வைத்திருக்கிறது. இருக்கிற இடமும் போய்விடலாம். தலைப்பில் ஒருமுறை, தொடக்கத்தில் ஒருமுறை, அப்புறம் தானாக வருகிற இடத்தில் வந்தால் சரி. வாய்விட்டுப் படித்தால் போதும், திணித்தது காதில் இடறும்.

பக்கத்துக்குப் பின்னால், படிப்பவர் கண்ணில் படாத கீவேர்ட்ஸ் மெட்டா டேக் என்ற குறிப்பில் இன்னொரு மூட்டைச் சொற்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகல் 2009இலேயே சொல்லிவிட்டது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைப்பதும் பழைய தந்திரம்தான், அதுவும் ஸ்பேம். ஈசூன், தெம்பனிஸ், ஜூரோங் என ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை நகலெடுப்பதும் வேண்டாம். கடை ஒன்றுதானே, எல்லாரும் எம்ஆர்டி ரயில் ஏறித் தேக்காவுக்குத்தான் வரப்போகிறார்கள்.

இதையெல்லாம் அழித்துவிடலாம். எனக்குப் பெரிய தவறாகப் பட்டது தலைப்பு: ‘மகளிர் ஆடை வடிவமைப்புச் சேவைகள்’. யார் இப்படித் தேடுவார்கள்? அக்காவின் வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொன்னேன். “லைனிங் வைத்துத் தைக்க எவ்வளவு?” “தீபாவளிக்குள் கிடைக்குமா?” “பழைய ரவிக்கையைப் பிரித்துப் பெரிதாக்க முடியுமா?” தேடுகிறவர் தட்டும் சொற்கள் அங்கேயே கிடந்தன. கூகலின் சர்ச் கன்சோல் என்ற கருவியிலும் பார்க்கலாம், இலவசம்தான்: எந்தச் சொல்லைத் தேடியவருக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, அவர் சொடுக்கினாரா என்று தெரியும்.

இங்கே பலர் ஆங்கிலத்தில்தான் தேடுகிறார்கள். அதற்காகத் தமிழ்ப் பத்தியின் நடுவே ஆங்கிலச் சொற்களைக் கொட்டாமல், ஆங்கிலத்துக்குத் தனிப் பக்கம் எழுதுவதே நல்லது.

பழைய ரவிக்கையைப் பெரிதாக்குவதற்கென்று ஒரு பக்கம் எழுதினோம். எவ்வளவு தையல்விளிம்பு இருந்தால் பிரிக்கலாம், எத்தனை நாளாகும், கூலி என்ன. கூலியைப் போட அக்காவுக்கு மனமில்லை. பக்கத்துக் கடைக்காரர் பார்ப்பாராம். கடைசியில் போட்டார்.

“தீபாவளிக்குள் மேலே வந்துவிடுமா?” என்பது அடுத்த கேள்வி. மாற்றம் தெரியச் சில வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். ஐப்பசிக் கூட்டத்துக்கு ஆடியிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.