தோற்ற ஆட்டத்தில் கோச்சைத் திட்டுவது எப்படி

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சனிக்கிழமை இரவு 8 மணிக்குத் தொடங்கும் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து), அக்டோபர் மாதத்தில் நமக்கு ஞாயிறு விடிகாலை 5.30 மணிக்கு வருகிறது. பிள்ளை படிக்கும் பல்கலைக்கழகம் தோற்றுவிட்டால், வேளச்சேரியில் எங்கள் வீட்டில் இட்லி வேகும் முன்னரே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கோச்சின் வேலை போயிருக்கும். திட்டுவதில் தவறில்லை, திட்டவேண்டியதைத் திட்ட வேண்டும்.

அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். நான்கு டவுன்களுக்குள், அதாவது நான்கு முயற்சிகளுக்குள், 10 யார்டு முன்னேற வேண்டிய இந்த ஆட்டத்தில், மூன்றாவது, நான்காவது டவுன் வரும்போதெல்லாம் எத்தனை யார்டு தேவை, பந்து எங்கே, எவ்வளவு நேரம் மீதி என்று குறித்துவிட்டு, நீங்களாக இருந்தால் ஓடச் சொல்வீர்களா, எறியச் சொல்வீர்களா என்பதையும் பந்து நகரும் முன்பே எழுதிவிடுங்கள். இடைவெளி பொதுவாக 40 விநாடிதான் என்பதால் சுருக்கமாக எழுதுங்கள். பின்னால் எழுதும் யோசனை, சேப்பாக்கத்தில் சிக்ஸர் போன பிறகு பவுலரை மாற்றச் சொல்வதைப் போன்றது.

ஆட்டம் முடிந்ததும், நீங்கள் எழுதியதும் அவர்கள் ஆடியதும் வேறுபட்ட இடங்களை மட்டும் ரீப்ளேயில் பாருங்கள். பந்தைப் பார்க்காமல், எதிரணியைத் தடுத்து வழிவிடும் முன்வரிசையைப் பாருங்கள். இரண்டு யார்டு தேவைப்பட்ட ஓட்டம் நின்றுபோனதற்கு ஒருவர் தடுக்கத் தவறியது காரணமென்றால், அழைப்பை, அதாவது அந்த ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்த முடிவை, குறை சொல்ல முடியாது. அதே ஓட்டம் மூன்று முறை நின்றும் நான்காவது முறை அழைக்கப்பட்டால், தாராளமாகக் குறை சொல்லலாம். அப்போதும், பல அணிகளில் தாக்குதல் ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் தலைமைக் கோச் அல்ல, ஆஃபென்சிவ் கோ-ஆர்டினேட்டர் என்பதால், யாரைத் திட்டுகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கில் மட்டும் கருணை வேண்டாம். 2023 அக்டோபர் 7 அன்று ஜார்ஜியா டெக்கை எதிர்த்து மயாமி 20-17 என முன்னிலையில் இருந்தபோது மீதமிருந்தது அரை நிமிடத்துக்குச் சற்றே அதிகம். எதிரணியிடம் கடிகாரத்தை நிறுத்த டைம் அவுட்டும் இல்லை. பந்தை முதலில் வாங்கும் க்வார்ட்டர்பேக், அதை வைத்துக்கொண்டே முழங்காலை ஊன்றியிருந்தால் நேரம் ஓடித் தீர்ந்திருக்கும். கோச் மரியோ கிறிஸ்டோபாலின் மயாமி அணியோ இன்னொருவரிடம் பந்தைக் கொடுத்து ஓடச் செய்தது. ஓடியவர் நழுவவிட, ஜார்ஜியா டெக் 23-20 என வென்றது. நழுவவிட்டவர் ஆட்டக்காரர்தான் என்றாலும், அந்த ஓட்டத்துக்கே அங்கே வேலையில்லை.

‘உடனே நீக்கு’ என்று எழுதும் முன் ஒப்பந்தத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்: 2023 நவம்பரில் தலைமைக் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கிய டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், அவருக்கு 7.5 கோடி டாலருக்கு மேல் தர வேண்டியிருந்தது.

சென்ற தோல்வியில் என் நோட்டில் பதினொரு புகார்கள் இருந்தன. ரீப்ளே முடிந்தபோது மூன்றுதான் மிஞ்சின. இரண்டில் டைம் அவுட்டை வீணடித்திருந்தார்கள். அந்த மூன்றை மட்டும் குழுவில் போட்டேன். மகன் முதன்முறையாக, “சரிதான்ப்பா” என்று பதில் அனுப்பினான்.